எழுத்தாணி பிடித்த கை

யாழ்ப்பாணத்தில் விசயதசமியன்று குழந்தைக்கு முதலெழுத்து எழுதுவிப்பதை இன்றும் 'ஏடு தொடக்கல்' என்றே சொல்கிறோம். ஆனால் குழந்தை எழுதுவது ஏட்டிலன்று. பெரியவர் ஒருவர் அதன் சுட்டுவிரலைப் பிடித்துப் பச்சரிசியில் 'அ' எழுதுவிக்கிறார். ஏட்டோடு சேர்ந்து மறைந்த எழுத்தாணிப் பிடியை நாம் நினைப்பதேயில்லை.

பேனாவால் எழுத ஒரு கை போதும். ஓலையில் எழுத இரண்டு கையும் வேண்டும். பதப்படுத்திய பனையோலையை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியை வலக்கையால் இறுகப் பற்றுவார்கள். அதன் தண்டு, முனைக்குச் சற்று மேலே, இடக்கைப் பெருவிரல் நகத்தில் வெட்டிய பிறைவடிவப் பள்ளத்தில் பொருந்தியிருக்கும். இதற்கென்றே அந்த நகத்தை வளர்த்ததை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்திருக்கிறார். வலக்கை வரிநெடுக ஓடாது; எழுத எழுத இடக்கையே ஓலையை நகர்த்தும். மேசை தேவையில்லை. எழுதி முடிந்ததும் கரி பூசித் துடைத்தால் எழுத்துத் தெரியும்.

பிரித்தானிய உடற்கூற்றியலாளர் ஜோன் நேப்பியர் 1956இல் மனிதக் கையின் பிடிகளை வலுப்பிடி, நுண்பிடி என இரண்டாக வகுத்தார். சுத்தியலைப் பற்றுவது வலுப்பிடி; ஊசியை விரல்நுனிகளால் எடுப்பது நுண்பிடி. நம் ஏடெழுதுவோர் இவ்விரு வேலைகளையும் இரு கைகளுக்குப் பங்கிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அழுத்தம் வலக்கைக்கு, நுட்பம் இடக்கைப் பெருவிரலுக்கு.

இந்தக் கைமுறை எழுத்திலும் தன் தடத்தை விட்டது. கூர்முனையால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைப்பதில்லை. க எது, க் எது என்பதை வாசிப்பவரே ஊகிக்க வேண்டும். சிறுப்பிட்டி சி.வை.தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தையும் (1881) கலித்தொகையையும் (1887) இத்தகைய ஏடுகளோடு மல்லாடியே பதிப்பித்தார்.

ஏடுகளைக் காத்த அச்சே ஏடெழுதிய கையை ஓய்வு பெறச் செய்தது. 1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அச்சுக்கோப்பாளரின் இடக்கைப் பெருவிரலுக்கும் வேலை குறையவில்லை. வலக்கை எடுத்துத் தரும் ஒவ்வோர் ஈய எழுத்தையும், இடக்கையில் ஏந்திய சிறு தட்டில் சரியாமல் அழுத்திப் பிடித்தது அதுதான். கணினி வந்தபின் பத்திரிகை அலுவலகங்களில் அந்தக் கையும் இல்லை.

1981இல் யாழ். பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏடுகளும் சாம்பலாயின. வீடுகளில் எஞ்சிய சுவடிகளை நூலகம் நிறுவனம் மின்னாவணப்படுத்தி வருகிறது. பெரும்பணி அது. ஆனால் படத்தில் எழுத்துத்தான் கிடைக்கும். எழுதிய கை கிடைக்காது. தென்னிலங்கையில் ஓலையில் எழுதத் தெரிந்த சிங்களவர் சிலர் இன்றும் உள்ளனர். சுவடிகளைப் படமெடுப்போர் அவர்களிடம் போய், அவர்கள் எழுதும்போது கைகளையும் ஒளிப்பதிவு செய்து வைக்கலாம், குறிப்பாக இடக்கையை.