கப்பல் விலாவில் ஒரு கோடு

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால் போடவில்லை. அவன் செட்டுப் பிள்ளைகளுக்கு யாரென்று புரிந்துவிடும். கமெண்டில் எழுதிவிடாதீர்கள்.

"டீச்சர், எட்டாம் வகுப்புல உப்புத் தண்ணியில முட்டையை மிதக்க விட்டுக் காட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த முட்டையாலதான் போன தடவை எனக்குப் பெரிய சண்டை" என்றான்.

அவன் சண்டையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் சரக்குக் கப்பலைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். கப்பலின் நடுப்பகுதியில், இரண்டு பக்க விலாவிலும், ஒரு வட்டம் வரைந்திருக்கும். குறுக்களவு 300 மில்லிமீட்டர். அதன் நடுவே 450 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு படுக்கைக் கோடு. பக்கத்தில் ஏணிப்படி போலச் சில சின்னக் கோடுகளும் ஆங்கில எழுத்துகளும் இருக்கும். எவ்வளவு சரக்கு ஏற்றினாலும், அந்தக் கடலுக்கும் பருவத்துக்கும் உரிய கோடு தண்ணீருக்குள் போகக் கூடாது. இதுதான் சட்டம். சுமைக் கோடு என்று சொல்லலாம். கப்பல்காரர்கள் லோடு லைன் என்பார்கள். பிளிம்சால் கோடு என்றும் ஒரு பெயர் உண்டு.

பிளிம்சால் யார்? சாமுவேல் பிளிம்சால், 1824-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தவர். கப்பல்காரர் இல்லை, நிலக்கரி வியாபாரி. ஒரு கட்டத்தில் வியாபாரம் நொடித்து, லண்டனில் ஏழைகள் தங்கும் மலிவான விடுதியில் காலம் தள்ளியவர். பிறகு நிமிர்ந்து, 1868-ல் டெர்பி தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். கப்பல் தொழிலாளிகளின் துயரத்தைக் கையில் எடுத்தார்.

அன்றைய நிலைமை என்ன தெரியுமா? பழைய, ஓட்டை விழுந்த கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி அனுப்புவார்கள். கப்பலுக்கும் சரக்குக்கும் இன்சூரன்ஸ் உண்டு. மூழ்கினால் முதலாளிக்குப் பணம் வந்துவிடும். சில கப்பல்கள் அவற்றின் மதிப்பை விட அதிகத் தொகைக்கே இன்சூரன்ஸ் செய்யப்பட்டிருந்தன. அவற்றைச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்று மக்கள் அழைத்தார்கள்.

இதைவிடக் கொடுமை சட்டம்தான். வேலைக்குக் கையெழுத்துப் போட்ட மாலுமி, கப்பலைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால், அவனை வாரக்கணக்கில் சிறையில் போடலாம். அப்படிச் சிறைக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கில். கடல் அல்லது ஜெயில், இரண்டில் ஒன்று. ஆனால் அளவுக்கு மீறி ஏற்றிய முதலாளியைத் தடுக்க ஒரு கோடு கூட இல்லை.

கோடு வேண்டும் என்ற யோசனை பிளிம்சாலுடையது மட்டும் இல்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் நதிக்கரையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளியே அவருக்கு முன்பே இதற்காகப் பேசியவர். முதலாளிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. நியாயமாக ஏற்றுகிறவருக்கும் நஷ்டம்தான். பக்கத்துக் கப்பல்காரன் கூடுதலாக ஏற்றிக் கூலியைக் குறைத்தால், இவர் எப்படிப் பிழைப்பது?

1873-ல் பிளிம்சால் மாலுமிகளின் நிலை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். நாடே பேசியது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். மசோதாவும் வந்தது. ஆனால் 1875 ஜூலை 22-ம் தேதி, பிரதமர் டிஸ்ரேலி அந்த மசோதாவை இந்தக் கூட்டத்தொடரில் எடுக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். பிளிம்சாலுக்குப் பொறுக்கவில்லை. சபை நடுவே கத்தினார், முஷ்டியை ஆட்டினார், மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புகிறவர்கள் அயோக்கியர்கள் என்றார். சபாநாயகர் வார்த்தையைத் திரும்பப் பெறச் சொல்லியும் மறுத்தார். ஒரு வாரம் கழித்து வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்குள் பொதுமக்கள் அவர் பக்கம் வந்துவிட்டார்கள். அரசு அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டமும், 1876-ல் நிரந்தரச் சட்டமும் கொண்டுவந்தது. கப்பலில் கோடு கட்டாயம் ஆனது.

இங்கேதான் ஒரு கேள்வி. கோடு கட்டாயம். சரி, எந்த உயரத்தில்? சட்டம் அதை யாரிடம் விட்டது தெரியுமா? கப்பல் முதலாளியிடமே! அவர் விருப்பப்பட்ட இடத்தில் வரையலாம். புகைபோக்கியில் கோடு வரைந்த ஒருவரைப் பற்றி ஒரு கதையே உண்டு. கோட்டின் இடத்தை அரசு விதிகள் தீர்மானிக்க 1890 வரை, அதாவது இன்னும் 14 வருஷம், ஆனது. பரீட்சை எழுதும் பையனே தனக்குப் பாஸ் மார்க் நிர்ணயிக்கலாம் என்றால் எப்படி இருக்கும்? 14 வருஷம் அப்படித்தான் இருந்தது.

1906-ல் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல்களுக்கும் இந்த விதி வந்தது. 1930-லும் 1966-லும் லண்டனில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. நம் நாட்டின் 1958 வணிகக் கப்பல் சட்டத்திலும் சுமைக் கோட்டுக்கு விதிகள் இருந்தன. 1966 ஒப்பந்தம் உலகக் கடல்களை மண்டலம் மண்டலமாகப் பிரித்தது. வங்காள விரிகுடாவின் பெரும்பகுதியில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 'வெப்ப மண்டல'க் கோடு, கொஞ்சம் கூடுதலாக ஏற்றலாம். மே 1 முதல் நவம்பர் 30 வரை 'கோடை'க் கோடு, குறைவாகத்தான் ஏற்ற வேண்டும். நமக்கு ஐப்பசி அடைமழை. கப்பல் சட்டத்தில் அது கோடை! பெயர் எப்படியோ, புயல் மாதங்களில் சுமையைக் குறை என்பதுதான் பொருள்.

இப்போது என் மாணவனின் சண்டைக்கு வருகிறேன். அவன் கப்பல் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ஒரு துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீரில் கப்பல் கூடுதலாக அமிழும், உப்புத் தண்ணீருக்குப் போனதும் மேலே எழும். நம் முட்டை செய்த வேலைதான். அதற்காகச் சட்டமே சலுகை தருகிறது. அவன் கப்பலுக்கு அது 250 மில்லிமீட்டர். சரக்கு அனுப்புகிறவர்களின் ஆள், "ஆறுதானே சார், 250-ம் எடுத்துக்கோங்க" என்றாராம்.

இவன் வாளியில் தண்ணீர் மொண்டு ஹைட்ரோமீட்டரைப் போட்டான். நல்ல தண்ணீருக்கு 1000, கடல் நீருக்கு 1025 காட்டும். அங்கே 1010 காட்டியது. கடலும் ஆறும் கலந்த தண்ணீர். கடல் நீரை விட 15 குறைவு. 25-க்கு 250 என்றால் 15-க்கு எவ்வளவு? ஆறாம் வகுப்புக் கணக்கு. 150 மில்லிமீட்டர். மீதி 100 மில்லிமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர், எடுக்கக் கூடாது. அந்தக் கப்பலில் ஒரு சென்டிமீட்டருக்கு 50 டன். ஆக 500 டன் சரக்கு கரையிலேயே நிற்க வேண்டும்.

"ஒரு ஜாண் கூட இல்லையே, யாருக்குத் தெரியப் போகுது" என்று கேட்டார்களாம். அவன் கேப்டனிடம் கணக்கைக் காட்டினான். கேப்டன் இவன் பக்கம் நின்றார். கப்பல் 500 டன் குறைவாகப் புறப்பட்டது. யாரும் பாராட்டவில்லை. "அடுத்த கான்ட்ராக்ட் கூப்பிடுவாங்களான்னு தெரியல டீச்சர். வீட்டுல இன்னும் சொல்லல" என்றான். மகளுக்கு மூன்று வயது. வீட்டுக் கடன் ஓடுகிறது.

நான் என்ன சொல்ல? நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி படித்தவள். கப்பல் சட்டம் எனக்கு என்ன தெரியும்? அவன் போன பிறகு தேடிப் படித்ததுதான் மேலே எழுதியது. படித்த பிறகு ஒன்று தோன்றியது. 1876-ல் கோடு இருந்தது, ஆனால் அது காக்கவில்லை. கோடு எங்கே என்பதை லாபம் பார்ப்பவர் முடிவு செய்தார். இன்று கோட்டை அவர் நகர்த்த முடியாது. ஆனால் வாளியில் தண்ணீர் மொண்டு அளக்கும் ஆள் '1000-ன்னே எழுதிக்கலாம்' என்று நினைத்தால், கோடு மறுபடி புகைபோக்கிக்குப் போய்விடும். அந்தக் கப்பலில் 20 பேர் இருந்தார்களாம்.

முப்பது வருஷத்துக்கும் மேலே அந்த முட்டையை மிதக்க விட்டிருக்கிறேன். இது எதற்கு உதவும் டீச்சர் என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் சொன்னதில்லை. பதில் இப்போதுதான் கிடைத்தது.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். வீட்டில் சொல்லிவிடு. அவள் புரிந்துகொள்வாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்