பணக்காரர் வரியும் எங்கள் தெரு சொல்தாவும்

1988 ஏப்ரல் கடைசி என்று ஞாபகம். எங்கள் தெருவில் இருந்த பெரியவர் ஒருவர் கையில் ஒரு கட்டுக் காகிதத்துடன் வீட்டுக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா.

"தம்பி, நீ பிரான்சே படிச்சவன். இந்த ரெண்டு பேர்ல யார் என்ன சொல்றாங்கன்னு படிச்சுச் சொல்லு."

பட்டாளத்துப் பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அச்சடித்த பிரெஞ்சுதான் தகராறு.

புதுவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1962-இல் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. அவர் எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. பிறகு 1976-இல் வந்த சட்டத்தால், வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் இருந்த இடத்திலேயே ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று ஆயிற்று.

அந்த வருஷம் போட்டி மித்தெரானுக்கும் சிராக்குக்கும். காகிதத்தில் பல சங்கதிகள் இருந்தாலும் பெரியவர் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: சொத்து வரி. அதன் கதையைச் சொன்னேன்.

1981-இல் மித்தெரான் முதல் முறை ஜெயித்ததும் குறைந்தபட்சக் கூலியை 10 சதவீதம் உயர்த்தினார். அடுத்த வருஷம் பெருஞ்செல்வர் மீது ஒரு வரி வந்தது. வீடு, நிலம், பங்கு எல்லாம் சேர்த்து 30 லட்சம் பிராங்குக்கு மேல் சொத்து இருந்தால் வருஷா வருஷம் கட்ட வேண்டும். ஓவியம், சிற்பத்துக்கு விலக்கு உண்டு. (பணக்காரர் வீட்டுச் சுவரில் தொங்குவதற்கு விலக்கு எதற்கோ!) கட்டியவை ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்கள்தான். 1986-இல் பிரதமரான சிராக் அதை எடுத்துவிட்டார். இப்போது மித்தெரான், வரியைத் திரும்பக் கொண்டுவருவேன், அந்தப் பணத்தில் வருமானமே இல்லாதவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பேன் என்கிறார்.

"எனக்கு அந்த வரி வருமா?" என்றார் பெரியவர்.

"உங்க வீட்டை நாலு தரம் வித்தாலும் வராது."

"அப்ப இவருக்குத்தான்," என்று காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். மரைன் வீதியில் கான்சுலேட் வாசல் வரிசையில் அவர் நின்றதை ஆபீசுக்குப் போகும்போது பார்த்தேன்.

அன்றிரவு என் மனைவி கேட்டாள்: "நம்ம தெருவுல அப்படி ஒரு வரி போட்டா முதல்ல யாருங்க கட்டணும்?"

யார் என்று தெருவுக்கே தெரியும். அவருடைய பென்ஷன் என் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. பாரீசில் அவரை ஏழை வரிசையில்தான் வைப்பார்கள்.

மே 8-ஆம் தேதி மித்தெரான் 54 சதவீதத்துடன் ஜெயித்தார். டிசம்பரில் அந்த உதவித்தொகைச் சட்டம் வந்தது. தனி ஆளுக்கு மாதம் சுமார் 2,000 பிராங்க். அன்றைய கணக்கில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். அப்போது யு.டி.சி.யின் அடிப்படைச் சம்பளம் 1,200-இல் தொடங்கியது. அங்கே வருமானமே இல்லாதவனுக்குக் கொடுப்பது, இங்கே காலை முதல் மாலை வரை ஃபைல் தள்ளுகிறவன் வாங்குவதைவிட அதிகம். அந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன்.

அடுத்த வருஷம் சொத்து வரியும் திரும்பியது. இதில் வேடிக்கை, 1995-இல் ஜனாதிபதியான சிராக், 12 வருஷம் பதவியில் இருந்தும் அந்த வரியை மறுபடி எடுக்கவில்லை. ஒரு முறை கை சுட்டுக்கொண்டது போதும் என்று நினைத்திருப்பார். 2018-இல் மக்ரோன்தான் அதை வீடு, நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கினார். அந்த வருஷக் கடைசியில் மஞ்சள் சட்டை போட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் முழு வரியையும் திரும்பக் கேட்டார்கள்.

பெரியவர் அதையெல்லாம் பார்க்க இல்லை. 1995 தேர்தலுக்குக் காகிதங்களோடு வந்தார். அந்த முறை சிராக்கே, சமூகம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, ஒட்டவைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"சிராக்குக்குத்தான் தம்பி. அவரும் இப்ப நம்ம பக்கம் வந்துட்டாரு இல்ல?"