தனி ஊசல் சோதனை
புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் செய்யப்படும் சோதனை. மெல்லிய நூலில் தொங்கும் உலோகக் குண்டே தனி ஊசல். தொங்குபுள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள தொலைவு ஊசலின் நீளம். ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம் அலைவு நேரம்.

சோதிப்பவர் வேண்டுமென்றே மாற்றும் நீளம் சாரா மாறி; அதற்கேற்ப மாறும் அலைவு நேரம் சார்ந்த மாறி. குண்டு நடுநிலையிலிருந்து விலகும் பெரும அளவான வீச்சு சிறிதாகவும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். குண்டின் நிறை அலைவு நேரத்தைப் பாதிப்பதில்லை.

நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் நேரும் பிழையைக் குறைக்க, 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து 20ஆல் வகுப்பர். நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து, 39.48ஆல் பெருக்கினால் முடுக்கம் கிடைக்கும். வெவ்வேறு நீளங்களுக்குக் கிடைத்த விடைகளின் சராசரியே முடிவு. ஏற்கப்பட்ட மதிப்பு, விநாடிக்கு விநாடி ஏறத்தாழ 9.8 மீட்டர்.