ஜீன்ஸ் பையில் கிடந்த கேசட்

எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் கையில் ஒரு டூ-இன்-ஒன் இருக்கும். எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா ஒரு பானசோனிக் கொண்டுவந்தார். அதில் அப்பா பாடியதை ஒருநாள் பதிவு செய்தேன். மின்விசிறி இரைச்சல், தெருவில் போன சைக்கிள் மணி எல்லாம் சேர்ந்தே பதிவானது. பின்னாளில் அதை ஒரு கடையில் கொடுத்து சிடி ஆக்கினேன். இரைச்சலை நீக்கித் தருகிறோம் என்றார்கள், நீக்கியும் விட்டார்கள். கூடவே அப்பாவின் குரலில் இருந்த கரகரப்பும் போய்விட்டது. யாரோ பாடுவதுபோல் இருக்கிறது.

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் 1982-இல் இப்படி ஒரு சங்கடம் வந்திருக்கிறது. அவர் அப்போதே பெரிய நட்சத்திரம். ஆனால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பாட்டெழுதினால் நேரமும் பணமும் கரைகின்றன. எனவே வீட்டிலேயே மாதிரிக்குப் பாடி வைத்துக்கொள்ள ஒரு கருவி வாங்கிவரச் சொன்னார். வந்தது டியாக் கம்பெனியின் போர்ட்டாஸ்டூடியோ. 1979-இல் அறிமுகமான இந்தக் கருவி, சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும். நாடா இரட்டை வேகத்தில் ஓடும். நான்கு தடமும் ஒரே திசையில் என்பதால் கேசட்டைத் திருப்பிப் போட முடியாது.

நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் ஒரு வாடகை வீடு. படுக்கையறையில் இரண்டு ஷூர் மைக்குகள், ஒரு கிதார், மௌத் ஆர்கன். ஜனவரி தொடக்கத்தில் உட்கார்ந்து, கிதாரும் குரலும் இரண்டு தடங்களில், மீதி இரண்டில் துணைக்குரலோ வேறு வாத்தியமோ என்று பாடித் தள்ளினார். கொலைகாரனும் வேலையிழந்தவனும் பேசுகிற இருண்ட பாட்டுகள். பிறகு எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக எல்லாவற்றையும் கலந்து இன்னொரு ரெக்கார்டரில் ஏற்றினார். அதுவும் ஒரு பானசோனிக்தான்! முன்பு தண்ணீரில் நனைந்து செத்துக் கிடந்து, பிறகு தானாகவே உயிர்பெற்ற செட் என்று சொல்வார்கள்.

அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் அலைந்திருக்கிறார். நம் வீட்டுப் பிள்ளைகள் செய்திருந்தால் திட்டியிருப்போம்.

பிறகு நியூயார்க்கில் தன் குழுவோடு இதே பாட்டுகளை முறையாகப் பதிவு செய்து பார்த்தார். சில பாட்டுகளுக்கு அது பொருந்தியது. 'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' முதலில் இந்தப் படுக்கையறைக் கேசட்டில்தான் இருந்தது. குழுவோடு பாடியபோதுதான் உலகறிந்த பாட்டாயிற்று. மற்றவை தேறவில்லை. சுத்தமாகப் பதியப் பதிய, பாட்டுக்குள் இருந்த ஆள் விலகிப் போனான். ஸ்டூடியோவில் தனியாகப் பாடியும் பார்த்தாயிற்று, அந்த அறையின் ஒலி திரும்ப வரவில்லை. கடைசியில் பையிலிருந்த கேசட்டையே எடுத்து, இதையே வெளியிட முடியுமா என்று கேட்டார்.

கேட்பது சுலபம். பொறியாளர்களுக்குத்தான் தலைவலி. இசைத்தட்டுக்கான அச்சில் அந்த ஒலியை ஒழுங்காக வெட்ட முடியவில்லை. இடம் மாற்றி இடம் முயன்றார்கள். தட்டே வேண்டாம், கேசட்டாக மட்டும் விடலாமா என்றுகூட யோசித்தார்கள். முடிவில் ஒலியளவைத் தாழ்த்தித்தான் வெட்ட முடிந்தது. 1982 செப்டம்பர் 30 அன்று 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் பத்துப் பாட்டுகளோடு வெளிவந்தது. விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது.

ஹெட்ஃபோனில் கேட்டேன். பாட்டுக்குப் பின்னால் 'உஸ்' என்று நாடா ஓடும் சத்தம் நன்றாகவே கேட்கிறது.

அப்பாவின் அசல் கேசட் பீரோவில் இருக்கிறது. எங்கள் பானசோனிக் எப்போதோ பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. யாரிடமாவது ஓடுகிற நிலையில் ஒரு செட் இருந்தால் சொல்லுங்கள், ஒருநாள் கடன் கொடுத்தால் போதும்.