விசாரணைப் பதிவேட்டில் ஒரு சிற்றூர்: மொந்தாயூவின் நிலமும் வரலாறும் வாழ்வும்

ஆய்வுச்சுருக்கம்

பிரான்சின் தென்பகுதியில் பிரனீஸ் மலைத்தொடரில் அமைந்த மொந்தாயூ, 14ஆம் நூற்றாண்டு உழவர் வாழ்வு மிக விரிவாக அறியப்பட்டுள்ள ஊர்களுள் ஒன்றாகும். அவ்விவரங்களின் பெரும்பகுதி சமய விசாரணையில் பெறப்பட்ட வாக்குமூலங்களிலிருந்து கிடைப்பது. அச்சத்தின் பிடியில் கூறப்பட்டவற்றை வாழ்வியல் சான்றாகக் கொள்ள இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மொந்தாயூ, கத்தாரியம், சமய விசாரணை, வாக்குமூலம், நுண்வரலாறு

முன்னுரை

எழுத்தறியாத மக்களின் வரலாற்றை எழுத முனைவோர், அம்மக்களை ஆண்டவர்களின் ஆவணங்களையே பெரிதும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. வரிக்கணக்கும் வழக்குப்பதிவும் தம் தேவைக்கேற்பவே மனிதரைக் காட்டுகின்றன. இச்சிக்கலைத் தெளிவாக உணர்த்தும் களமாக மொந்தாயூ விளங்குகிறது.

நிலமும் பிழைப்பும்

இன்றைய ஆரியேழ் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இவ்வூர் உள்ளது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 200 முதல் 250 பேர் வரை இங்கு வாழ்ந்தனர். குன்றின் உச்சியில் ஃபுவா பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட கோட்டையும், அதன்கீழ்ப் படிப்படியாக இறங்கும் வீடுகளும் இருந்தன. குளிர்மிகுந்த அவ்வுயரத்தில் திராட்சையும் ஒலிவமும் விளையவில்லை; கோதுமை, ஓட்ஸ், டர்னிப் ஆகியவையே பயிராயின. தானியத்தை அரைக்க ஆக்ஸ் என்னும் ஊரிலிருந்த ஆலைக்குக் கோவேறு கழுதைமேல் ஏற்றிச் சென்றனர். ஆடு வளர்ப்பு மற்றொரு முதன்மையான தொழில். இடையர்கள் கோடையில் மலைமேய்ச்சலிலும் குளிர்காலத்தில் கத்தலோனியச் சமவெளியிலும் கிடைபோட்டு வாழ்ந்தனர்.

ஊரின் அடிப்படை அலகு ‘ஒஸ்தால்’ எனப்பட்டது. கட்டடத்தையும் அதில் வாழும் குடும்பத்தையும் ஒருசேரக் குறிக்கும் இச்சொல், தமிழில் ‘வீடு’ என்பதன் இருபொருளோடு ஒப்புநோக்கத்தக்கது. ஊரின் வலிமைமிக்க வீடு கிளெர்க் குடும்பத்தினுடையது. பியேர் கிளெர்க் பங்குத்தந்தையாகவும், அவர் உடன்பிறந்தார் பெர்னார் பிரபுவின் ஊர் அலுவலராகவும் விளங்கினர். சமய அதிகாரமும் உலகியல் அதிகாரமும் ஒரே அடுக்களையில் கூடின.

விசாரணையும் பதிவேடும்

13ஆம் நூற்றாண்டிலேயே ஒடுக்கப்பட்ட கத்தாரியம், 1300ஐ ஒட்டி ஓத்தியே உடன்பிறந்தாரின் முயற்சியால் இம்மலைநாட்டில் மீண்டும் துளிர்த்தது. 1308ஆம் ஆண்டு கோடையின் இறுதியில், கார்க்கசோன் விசாரணை மன்றம் மொந்தாயூவின் வயதுவந்தோர் அனைவரையும் கைதுசெய்தது. பின்னர்ப் பாமியே ஆயர் ழாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை விரிவான விசாரணை நடத்தினார். 370 நாட்களில் 578 விசாரணைகள் பதிவாயின. மொந்தாயூவைச் சேர்ந்தோர் ஏறத்தாழ 25 பேர் அதில் இடம்பெறுகின்றனர். ஃபூர்னியே 1334இல் 12ஆம் பெனடிக்ட் என்னும் பெயரில் திருத்தந்தையானார். அவருடைய பதிவேடு வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. ழான் துய்வெர்னுவா 1965இல் அதன் இலத்தீன் மூலத்தைப் பதிப்பித்தார். எம்மானுவேல் லெ ருவா லாதுரி 1975இல் அதன் அடிப்படையில் ‘மொந்தாயூ’ என்னும் நூலை வெளியிட்டார்.

சான்றின் எல்லை

லாதுரியின் நூல் பெரும் வரவேற்பைப் பெற்றதுடன் கடுமையான மறுப்புகளையும் சந்தித்தது. விசாரிப்பவரின் அதிகாரம் வாக்குமூலத்தை எவ்வாறு உருவாக்கியது என்பதை அந்நூல் போதிய அளவு கருதவில்லை என மானிடவியலாளர் ரெனாத்தோ ரொசால்தோ 1986இல் சுட்டினார். இம்மறுப்பு வலுவானது. சாட்சிகள் ஒக்சித்தான் மொழியில் பேசினர். எழுத்தர் இலத்தீனில் எழுதினர். கூறப்பட்ட நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

எனினும் பதிவேட்டின் எல்லாச் சொற்களும் ஒரே தன்மையன அல்ல. யார் யாரைச் சந்தித்தார், என்ன போதனை கேட்டார் என்பன விசாரணையின் இலக்குகள். அவற்றுக்கான விடைகளில் அச்சமும் தற்காப்பும் பகைமையும் கலந்திருக்கும். ஆனால், அச்சந்திப்பு நிகழ்ந்தபோது வெயிலில் அமர்ந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டிருந்தனர் என்னும் செய்தியை எவரும் கேட்கவில்லை. மறைக்க வேண்டிய தேவையும் எவருக்கும் இல்லை. கேள்வியின் இலக்குக்கு வெளியே தற்செயலாக விழுந்த இத்தகைய விவரங்கள் ஒப்பீட்டளவில் நம்பகமானவை. நம்பிக்கை குறித்த கூற்றுகளை அதே உறுதியுடன் ஏற்க இயலாது.

பதிவேட்டின் மௌனங்களும் சான்றுகளே. கிளெர்க் வீட்டார் விசாரணை மன்றத்தின் துணையுடன் தம் பகைவரை ஒடுக்கினர். பங்குத்தந்தையின் பழைய சமயச் சார்பை வெளிப்படுத்திய மெங்கார்து மோர் என்னும் பெண்ணின் நாக்கு துண்டிக்கப்பட்டது. இறுதியில் பியேர் கிளெர்க்கையும் ஃபூர்னியே சிறையிலிட்டார்; அவர் சிறையிலேயே இறந்தார். பிறர் வாக்குமூலங்களில் மிகுதியாக இடம்பெறும் அவருடைய வாக்குமூலம் ஒன்றுகூடப் பதிவேட்டில் இல்லை. ஊரை நன்கறிந்த ஒருவரின் சொல் இல்லாத நிலையில், எஞ்சியோரின் சொற்களே ஊரின் முழு வரலாறாகிவிடும் ஆபத்து உள்ளது.

முடிவுரை

மொந்தாயூவைச் சிதைத்த நிறுவனமே அதன் அன்றாட வாழ்வைக் காத்தும் தந்துள்ளது. இம்முரணை மறந்து பதிவேட்டை ஊராரின் நேர்க்குரலாகக் கொள்வது பிழை. அதிகாரத்தின் புனைவு என முற்றிலும் ஒதுக்குவது, அம்மக்களை இரண்டாம் முறையாக வாயடைப்பதாகும். கேட்கப்பட்டதையும் கேட்கப்படாமலே சொல்லப்பட்டதையும் பிரித்தறியும் வாசிப்பே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும். இன்று மிகச் சிலரே வாழும் அச்சிற்றூர், ஒடுக்குமுறை ஆவணங்களைக் கையாளும் ஆய்வாளர் அனைவருக்கும் இந்நெறியை உணர்த்துகிறது.