சிறு நகர நூலகமும் கோடை விடுமுறையும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் சிறு நகரம் ஒன்றினூடே செல்வோர், அதன் நடுத்தெருவிலே தேவாலயத்தையும் தபாற் கந்தோரையும் நகர மண்டபத்தையும் காண்பர். அவற்றுக்கு அண்மையில், படிகள் உயர்ந்து தூண்கள் தாங்கிய கட்டடம் ஒன்றையும் பெரும்பாலும் காண்பர். அதுவே அவ்வூர்ப் பொது நூலகம். நகர மண்டபத்திலும் தபாற் கந்தோரிலும் சிறு பிள்ளைகளுக்கு அலுவல் இல்லை. நூலகத்தில் உண்டு. அதிலும் கோடை காலத்தில் மிக உண்டு.

நம் நாட்டிலே பாடசாலை விடுமுறை தவணைக்குத் தவணை பங்கிட்டு வழங்கப்படுகின்றது. அமெரிக்காவிலோ ஜூன் மாதமளவிலே மூடப்படும் பாடசாலைகள் இரண்டரை மாதங்கள் வரை திறவா. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கடற்கரைக்கும் மலைநாட்டுக்கும் செல்வர். தாயும் தந்தையும் தொழிலுக்குப் போன வீட்டுப் பிள்ளைக்குத் தெருவன்றி வேறிடமில்லை. அந்நாட்களிலே கட்டணமின்றி நுழையத்தக்க கதவு ஊரில் ஒன்று இருக்குமாயின் அது நூலகக் கதவே. அக்கதவு எவ்வாறு திறக்கப்பட்டது, திறந்த பின்னரும் யாருக்கு அடைக்கப்பட்டது என்பது அறியத்தக்க வரலாறு.

நூலகம் என்பது அமெரிக்காவிலும் முதலிற் பொதுச் சொத்தாக இருக்கவில்லை. பெஞ்சமின் பிராங்கிளினும் நண்பர்களும் 1731ஆம் ஆண்டிலே பிலடெல்பியாவில் நிறுவிய நூலகம் சந்தா செலுத்திய உறுப்பினருடையது. பணம் கொடுத்தவர் படித்தனர். கொடாதவர் வெளியே நின்றனர். இந்நிலையை மாற்றியது பெருநகரம் அன்று. நியூ ஹாம்சயர் மாநிலத்துப் பீற்றர்பரோ என்னும் சிற்றூரே மாற்றிற்று.

அம்மாநில அரசாங்கம் 1821ஆம் ஆண்டிலே, கல்லூரி ஒன்றை நிறுவும் எண்ணத்துடன் வங்கிகள்மீது வரி விதித்துப் பணம் சேர்த்தது. கல்லூரி எழவில்லை. திரண்ட பணம் கல்விக்கென ஊர்களுக்குப் பங்கிடப்பட்டது. ஏனைய ஊர்கள் தத்தம் பங்கைப் பாடசாலைகளுக்கே செலவிட, பீற்றர்பரோ ஊரவர் 1833ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கூடிய ஊர்க்கூட்டத்திலே ஒரு பகுதியை நூல்கள் வாங்க ஒதுக்கினர். இதற்குத் தூண்டுகோலாய் இருந்தவர் ஏபியல் அபட் என்னும் மதகுரு. வாங்கிய நூல்களை வைக்கக் கட்டடம் இல்லை. தபால் நிலையமாகவும் விளங்கிய பலசரக்குக் கடையொன்றிலே அவை வைக்கப்பட்டன. கடிதம் வந்ததா எனக் கேட்க வந்தவர் கையிலே புத்தகத்தோடு திரும்பினார். பளிங்குத் தூண்களுக்கு இல்லாத சிறப்பு இந்தப் பலசரக்குக் கடைக்கு உண்டு. பொதுப் பணத்தால் நிறுவப்பட்டு, ஊரார் அனைவருக்கும் இலவசமாய்ப் பயன்பட்ட நூலகங்களில் அமெரிக்காவிலே இதுவே மூத்ததென வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். நூலகத்துக்கென ஊர்கள் வரி அறவிடலாம் என்று மாநிலம் முழுவதற்கும் சட்டம் இயற்றியதிலும் நியூ ஹாம்சயரே முந்தியது, ஆண்டு 1849. பொஸ்ரன் மாநகரின் பெரிய நூலகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது 1854ஆம் ஆண்டிலேதான்.

இனி, அந்த உயர்ந்த படிகளும் தூண்களும் வந்த வகை. உருக்குத் தொழிலிலே பெருஞ்செல்வம் திரட்டிய அன்று கார்ணகி, 1886 முதல் 1919 வரை அமெரிக்க நாட்டில் மட்டும் 1,679 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் வழங்கினார். அவற்றிற் பெரும்பாலானவை சிறு நகரங்களிலே எழுந்தன. ஆயின் அவர் நூல்களை வாங்கித் தரவில்லை. நிலத்தை ஊர் தரவேண்டும். கொடைத் தொகையில் நூற்றுக்குப் பத்து வீதத்தை ஆண்டுதோறும் ஊரவர் வரியாலே பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்பது அவரது நிபந்தனை. ஊரவரை என்றைக்கும் கட்டிவைத்தது அந்தப் பத்து வீதமே. கொடையை வேண்டாமென மறுத்த ஊர்களும் இருந்தன. 1892ஆம் ஆண்டு ஹோம்ஸ்ரெட் நகரத்து வேலைநிறுத்தத்திலே தொழிலாளர் உயிரிழந்ததை மக்கள் மறக்கவில்லை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உலைக்களத்தில் நின்றவன் எந்நேரத்திற் படிப்பான் என்று தொழிலாளர் கேட்ட கேள்வி நியாயமானதே. அவனுக்குக் கிடையாத நேரம் அவன் பிள்ளைக்குக் கோடையிலே கிடைத்தது.

ஆனால் அப்பிள்ளையை உள்ளே விட அந்நாளைய நூலகர் பலர் விரும்பவில்லை. பன்னிரண்டு அல்லது பதினான்கு வயது நிரம்பாதோருக்கு நூல் வழங்குவதில்லை என்பது பல நூலகங்களில் விதியாய் இருந்தது. பிள்ளைகள் சத்தமிடுவர், தாள்களைக் கிழிப்பர், அழுக்குக் கையாற் படங்களைத் தொடுவர் என்பன அவர் சொன்ன காரணங்கள். ஹாட்பேர்ட் நகரத்து நூலகர் கரொலைன் ஹியூவின்ஸ் அம்மையார் இவ்வழக்கத்தை எதிர்த்து எழுந்தவருள் முதன்மையானவர். பிள்ளைகளின் வாசிப்புக்கு யாது செய்கின்றீர் என்று 1882ஆம் ஆண்டிலே நாட்டின் பல நூலகங்களுக்கு அவர் கடிதம் எழுதிக் கேட்டார். 1890ஆம் ஆண்டிலே மாசச்சூசெற்ஸ் மாநிலத்துப் புறூக்லைன் நூலகத்தின் நிலக்கீழ் அறை பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. நிலக்கீழ் அறைதான், எனினும் அவர்களுக்கே உரிய அறை. கிளீவ்லாந்து நூலகத்திலே 1897ஆம் ஆண்டு லிண்டா ஈஸ்ற்மன் அம்மையார் பிள்ளைகளின் நூற்சங்கம் ஒன்றை அமைத்தார். சேர்ந்தவர் கைகழுவிப் புத்தகம் எடுப்பதாகவும், பிறர் கிழிப்பதைத் தடுப்பதாகவும் வாக்களித்தனர். அழுக்குக் கை என்ற குற்றச்சாட்டுக்கு இதனினும் நயமான விடை இல்லை. அடுத்த ஆண்டுக் கோடையிலே பிற்ஸ்பேர்க் நகர நூலகம், பிள்ளைகள் விளையாடும் திடல்களுக்கே புத்தகங்களை அனுப்பலாயிற்று.

பெருநகரங்களிலே தோன்றிய இவ்வழக்கங்கள் விரைவிற் சிறு நகரங்களுக்குப் பரவின. கோடைதோறும் வாசிப்புச் சங்கம் கூடும். படித்த நூல்களின் பெயரைப் பிள்ளை ஓர் அட்டையிற் பதிந்து வருவான். படித்தது என்ன என்பதைச் சிறிதேனும் எடுத்துச் சொன்னாலன்றி நூலகர் அதனைக் கணக்கிற் கொள்ளார். சுவரிலே பெரிய படம் ஒன்று தொங்கும். நூலுக்கு நூல் ஒவ்வொரு பிள்ளையின் அடையாளமும் அதிலே முன்னேறும். காலையில் மரநிழலிலே கதை சொல்லுதல், மாலையிற் பொம்மலாட்டம், இறுதியில் நற்சான்றுத் தாள், எல்லோரும் சேர்ந்து உண்ணும் விருந்து. எண்ணிக்கைக்குப் பரிசளிப்பது தகுமா என்று நூலகரிடையே நெடுங்காலம் வாதம் நடந்தது. பரிசை நினைத்து மெலிந்த நூல்களையே தேடி எடுக்கும் சிறுவனை எந்த ஊரிலும் காணலாம். ஆயினும் அவனும் நூலகத்துக்கு வந்தான் என்பதை மறத்தலாகாது.

பெரியோருக்கும் அங்கே இடமிருந்தது. கார்ணகி தந்த கட்டடங்கள் பலவற்றின் கீழ்த்தளத்திலே கூட்ட மண்டபம் அமைந்திருந்தது. மாதர் சங்கங்கள் அங்கே கூடின. பல ஊர்களிலே நூலகத்தைத் தொடங்கியவரே அச்சங்கப் பெண்கள்தாம். வாக்குரிமை பெறாத காலத்திலேயே வீடுவீடாய்ச் சென்று புத்தகம் சேர்த்து, நகரசபையாரை வற்புறுத்தி வரிப்பணம் பெற்றவர் அவர்.

நகரத்தார் நிலை இதுவாக, பத்து மைலுக்கு அப்பால் வயல் நடுவில் வாழ்ந்த உழவன் பிள்ளைக்கு நகரத்து நூலகம் இருந்தும் இல்லாததே. மேரிலாந்து மாநிலத்து ஹேகர்ஸ்ரவுண் நகரிலே 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வாஷிங்ரன் வட்டார நூலகத்தின் நூலகராகிய மேரி டிற்கம் அம்மையார் இதற்கு வழி தேடினார். கிராமத்துக் கடைகளிலும் தபால் நிலையங்களிலும் புத்தகப் பெட்டிகளை வைப்பித்தார். 1904ஆம் ஆண்டளவில் இத்தகைய இடங்கள் 66 இருந்தன. அதுவும் அவருக்குப் போதவில்லை. கடைத்தெருவுக்கு வாராதவர் உளரன்றோ? ஆதலின் 1905ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இரு குதிரை பூட்டிய வண்டியொன்று நூல்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வண்டியின் இரு புறத்தும் அடுக்குத் தட்டுகள். அவற்றிலே ஏறக்குறைய 200 நூல்கள். ஓட்டியவர் நூலகத்தின் காவலாளர் ஜோஷுவா தோமஸ்.

வண்டியின் கருநிறம் கண்ட உழவர் ஒருவர் அது பிணவண்டியென்று அஞ்சித் தம் வாயிலில் நிற்கவேண்டாம் என்று விரட்டினாராம். அதன்பின் அதன் சக்கரங்களுக்குச் செந்நிறம் பூசப்பட்டது. 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கடவையொன்றிலே சரக்குப் புகையிரதம் மோதி வண்டி நொறுங்கிற்று. வண்டி வருவதற்குப் பழகிவிட்ட மக்கள் அதனை மறக்க விடவில்லை. 1912ஆம் ஆண்டிலே மோட்டார் வண்டி ஓடலாயிற்று.

இவ்வாறு அலைந்து அலைந்து நூல் கொடுத்ததனால் விளைந்த பயன் யாது? பார்பரா ஹைன்ஸ் என்னும் சமூகவியலறிஞர், அற்லாண்டா நகரத்து மாணவரின் கல்வியைப் பாடசாலை நாட்களிலும் கோடை விடுமுறையிலும் தனித்தனியே அளந்து, 1978ஆம் ஆண்டிலே தம் ஆய்வை வெளியிட்டார். விடுமுறையிலே வறிய வீட்டுப் பிள்ளைகள் பின்தங்க, வசதியுள்ளோர் முன்செல்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. அவ்விடைவெளியை எதிர்த்து நின்றவற்றுள் முதன்மையானவை வாசிப்பும் பொது நூலகமுமே என்பதும் அவர் கண்டதே.

அற்லாண்டா தென்மாநில நகரம். தென்மாநிலங்களைச் சொல்லுமிடத்து, இதுவரை கூறிய வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லியே ஆகவேண்டும். பொது என்று பெயர் பொறித்த நூலகங்கள் அங்கே வெள்ளையர் நூலகங்களாகவே இருந்தன. கறுப்பின மக்களிடம் வரி பெறப்பட்டது; நூல் மறுக்கப்பட்டது. சில ஊர்களிலே அவர்களுக்கெனச் சிறு கிளையொன்று இருந்தது. வேறு பல ஊர்களில் அதுவும் இல்லை.

1959ஆம் ஆண்டுக் கோடையிலே தென் கரோலினா மாநிலத்து லேக் சிற்றி என்னும் சிற்றூர் நூலகத்துள் ரொனால்ட் மக்நெயர் என்ற கறுப்பினச் சிறுவன் தனியே நுழைந்தான். அவன் பிறந்தது 1950ஆம் ஆண்டு. விஞ்ஞான நூல்கள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, இரவல் பெறுவோர் வரிசையில் நின்றான். உனக்கு இங்கே நூல் கொடுப்பதில்லை என்றார் நூலகர். நூல் பெறாமற் போவதில்லை என்றான் சிறுவன். பொலிசாரை அழைப்பேன் என்று அவர் கூறவும், அவன் மேசைமேல் ஏறி அமர்ந்து காத்திருந்தான். இரு பொலிசார் வந்தனர். அவன் தாயும் ஓடோடி வந்தாள். சிறுவனையும் அவன் கையிலிருந்த நூல்களையும் பார்த்த பொலிசார், புத்தகங்களைக் கொடுத்துவிட்டால் என்ன என்று நூலகரையே கேட்டனர். கொடுக்கப்பட்டது. நன்றி சொல் என்று தாய் சொல்ல, அவன் சொன்னான்.

அங்கே பொலிசாரிடம் இருந்த அறிவு, அடுத்த ஆண்டிலே வேர்ஜினியா மாநிலத்து டான்வில் நகரசபையாரிடம் இருக்கவில்லை. அந்நகர நூலகம் ஒரு பழைய மாளிகையில் இருந்தது. உள்நாட்டுப் போரின் இறுதி நாட்களிலே, 1865ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் தங்கிய மாளிகை அது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி கறுப்பின உயர்தரப் பாடசாலை மாணவர் சிலர் அங்கே சென்று நூல் கேட்டனர். மறுக்கப்பட்டதனால் வழக்குத் தொடரப்பட்டது. இனத்தைக் காட்டி எவரையும் தடுத்தலாகாது என நீதிமன்றம் மே மாதத்திலே கட்டளையிட்டது. நகரசபையார் செய்தது யாதெனில், நூலகத்தையே பூட்டினர். பூட்டியே வைப்போமா என்று ஜூன் மாதத்தில் ஊராரிடம் வாக்குக் கேட்கப்பட்டது. ஆம் என்றோரே பெரும்பான்மையினர். அவ்வாண்டுக் கோடை முழுவதும் அந்நகரத்துப் பிள்ளைகளுக்கு, வெள்ளையர் பிள்ளைகளுக்குங்கூட, அம்மாளிகையிலே கதையில்லை, நூலில்லை. செப்டெம்பரிலே கதவு மீண்டும் திறக்கப்பட்டபோது உள்ளே சென்றவர் ஒரு புதுமையைக் கண்டனர். நாற்காலிகளும் வாசிப்பு மேசைகளும் அகற்றப்பட்டிருந்தன. நூல் எடுக்கலாம், அமரலாகாது. இரு இனத்தாரும் ஒரே மேசையில் அருகருகே அமர்ந்து படிப்பதைத் தடுக்க, எவருமே அமராதிருக்கும் வழியைக் கண்டுபிடித்தனர்.

இத்தகைய தடைகள் நெடுநாள் நிற்கவில்லை. தென் கரோலினாவின் கிரீன்வில் நகரிலே 1960ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி நூலகத்துள் அமர்ந்தமைக்காக மாணவர் எண்மர் கைதாயினர். பின்னாளிலே புகழ்பெற்ற ஜெசி ஜாக்சன் அவருள் ஒருவர். அந்நூலகமும் செப்டெம்பரிலே மூடப்பட்டு, அம்மாதத்துள்ளேயே எல்லோருக்குமாய்த் திறக்கப்பட்டது. டான்வில் நூலகத்துக்கும் நாற்காலிகள் மீண்டு வந்தன.

லேக் சிற்றியின் சிறுவன் 1976ஆம் ஆண்டிலே மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பௌதிகவியற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1984ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் விண்வெளிக்குச் சென்று திரும்பினார். இரண்டாம் முறை புறப்பட்ட சலஞ்சர் விண்ணோடம் 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி வானிலே சிதைந்தபோது, அதிலிருந்த எழுவருள் அவரும் ஒருவராய் மாண்டார். அவருக்கு நூல் மறுத்த அந்தப் பழைய நூலகக் கட்டடம், 2011ஆம் ஆண்டிலே, அவர் வாழ்க்கையைக் காட்டும் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.