தேறுதலின் இடைக்கட்டம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கைரோபிராக்டிக் மருத்துவர்கள் காயத்தின் பின்னான தேறுதலை மூன்று கட்டங்களாக வகுப்பர். முதலாவது, நோவும் வீக்கமும் தணியும் காலம். இறுதியானது, பெற்ற நலத்தைப் பேணும் காலம். இவற்றுக்கிடையே நோ பெரும்பாலும் நீங்கியும் மூட்டு முழுதாக மடங்காது, தசை பாரந் தாங்காது நிற்கும் காலமே இடைக்கட்டம். காயமுற்றவர் நடமாடுவார், ஆயினும் தொழிலுக்குத் திரும்ப இயலாதவராயிருப்பார். இக்கட்டம் யாருடைய பொறுப்பு என்பது மருத்துவ வினாவாக மட்டும் இருந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், எலும்பு பொருந்தியதும் சத்திரசிகிச்சையாளரின் பணி முடிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. வாரக்கணக்கில் கட்டப்பட்டிருந்த அவயவம் விறைத்துப்போகும். அதன்பின் பலரும் நாடியது, நம்மவர் முறிவு நெரிவு வைத்தியர் என்போரை ஒத்த, பட்டமற்ற எலும்பு வைத்தியரையே. கைவிடப்பட்ட நோயாளர் சிலர் அவர்களிடம் குணமடைவதை 1867இல் சேர் ஜேம்ஸ் பஜெற் வெளிப்படையாக ஏற்று, அவர்தம் முறையில் நல்லதைக் கற்குமாறு சக மருத்துவரை வேண்டினார். இலண்டன் எலும்பு வைத்தியரான றிச்சட் ஹட்டனுக்கு ஒரு மருத்துவர் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தார். அதற்குக் கைம்மாறாக, ஹட்டன் அவருடைய மகன் வோட்டன் ஹூட்டுக்குத் தம் கைமுறையைக் கற்பித்தார். ஹூட் அதனை 1871இல் 'லான்செற்' இதழில் விளக்கி எழுதினார். பெரும் நகரொன்றில் இவ்வறிவு ஒரு நன்றிக்கடனாகவே மதில் தாண்ட நேர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது.

1897ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், காயமுற்றவருக்கு மூன்றாம் வாரத்திலிருந்து கூலியின் அரைப்பங்கு வரை வழங்க வகைசெய்தது. இயலாமைக்கு விலை குறிக்கப்பட்டதேயன்றி, விறைத்த முழங்கையை மடங்கச்செய்யும் சிகிச்சைக்கு அதில் ஏற்பாடிருக்கவில்லை. அவ்வேற்பாட்டைப் பரந்த அளவில் கொணர்ந்தது போரே. மன்செஸ்டர்க் கப்பற் கால்வாய்த் தொழிலாளரின் விபத்துச் சிகிச்சையை ஒழுங்கமைத்த றொபேட் ஜோன்ஸ், 1916இல் இலண்டன் ஷெப்பேட்ஸ் புஷ் இராணுவ மருத்துவமனையில் தொழிற்கூடங்களை நிறுவினார். காயமுற்ற போர்வீரர் மரவேலை முதலியவற்றைச் சிகிச்சையாகவே செய்தனர். படைக்கு ஆள் தேவைப்பட்டபோது இடைக்கட்டம் அரசின் அலுவலாயிற்று.

அமெரிக்காவில் இதே வெற்றிடத்திற் கிளைத்ததே கைரோபிராக்டிக். 1895இல் அயோவா மாநிலத்து டவன்போட்டில் டி. டி. பாமர் இதனைத் தொடங்கினார். உரிமமின்றி மருத்துவம் செய்தமைக்காக 1906இல் சிறையேகினார். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்புப் பிறழ்வே மூலம் என்ற அவர் கோட்பாட்டை அறிவியல் ஆதரிக்கவில்லை. எனினும் முதுகு நொந்த உழைப்பாளி கோட்பாட்டைத் தேடிச் சென்றவரல்லர். தம் உடலைக் கைதொட்டுப் பார்த்து, மீண்டும் வரச்சொல்லும் ஒருவரையே தேடினார் என எண்ணத் தோன்றுகிறது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்களுடன் தொழில்வழி உறவு கொள்வதைத் தன் உறுப்பினருக்கு நீண்டகாலம் தடைசெய்திருந்தது. கைரோபிராக்டிக் மருத்துவர் சிலர் 1976இல் தொடுத்த வழக்கில், அப்புறக்கணிப்பு சட்டவிரோதமானதென 1987இல் தீர்ப்பளிக்கப்பட்டது. வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு அது. பாமரின் கோட்பாட்டுக்கு வழங்கப்பட்ட சான்றன்று. பிற்கால ஆய்வுகள், கீழ்முதுகு நோவுக்கு முதுகெலும்புக் கைமுறைச் சிகிச்சை ஓரளவு பயன் தருவதாகவும், அது ஏனைய சிகிச்சைகளின் பயனை ஒத்ததே எனவும் காட்டியுள்ளன. நீண்ட படுக்கை ஓய்வைக் கைவிட்டு, அசைவையும் படிப்படியான உடற்பயிற்சியையுமே அவை வலியுறுத்துகின்றன.